டாக்டருக்கு அடுத்த நாற்காலி: சுங்கை சிப்புட் பெற்றோர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளியானால் போதும், கோயில் வாசலிலும் கோப்பிக் கடையிலும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அரசாங்க மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முன்பெல்லாம் "எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட்) வேலைக்கு எப்படி மனுப் போடுவது?" என்றுதான் கேட்பார்கள். இப்போது முகவர்களின் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பிசிஷியன் அசோசியேட் பட்டமாம், இரண்டே வருடமாம், டாக்டர் மாதிரியாம்" என்று வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத் தொகுத்து இங்கே வைத்திருக்கிறேன்.

பிசிஷியன் அசோசியேட் என்பவர் யார், ஐயா? டாக்டரா, தாதியா?

இரண்டும் இல்லை. நோயாளியிடம் விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, என்ன நோயாக இருக்கலாம் என்று கணித்து, சிகிச்சையைத் தொடங்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர். ஆனால் ஒரு டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். தாதிமைப் படிப்பின் வழியாக வந்தவர் அல்லர். டாக்டர்கள் படிக்கும் பாடங்களையே சுருக்கி, அன்றாடம் வரும் நோய்களுக்கு முதலிடம் கொடுத்து அமைத்த படிப்பு அவருடையது.

தொடங்கிய இடம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், ஆண்டு 1965. தொடங்கியவர் டாக்டர் யூஜின் ஸ்டெட். நாட்டுப்புறங்களில் டாக்டர்களுக்குப் பஞ்சம். இன்னொரு பக்கம், கடற்படையில் காயம்பட்டவர்களைக் கவனித்துக் கை தேர்ந்த மருத்துவ உதவியாளர்கள் சேவை முடிந்து ஊர் திரும்பினால், அந்தத் திறமையைக் கொண்டு செய்ய ஒரு வேலையும் இல்லை. அப்படிப்பட்ட நால்வரைச் சேர்த்து முதல் வகுப்பை நடத்தினார். 1967இல் மூவர் தேறி வெளியே வந்தார்கள். ஸ்டெட்டுக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது: வட கரோலினாவின் சிற்றூர் ஒன்றில் ஏமோஸ் ஜான்சன் என்ற டாக்டர், தம் உதவியாளருக்குத் தாமே தொழில் கற்றுக் கொடுத்து, தாம் வெளியூர் போகும் நாளிலும் கிளினிக் நடக்கும்படி செய்திருந்தார்.

அப்படியென்றால் நம் தோட்டத்து டிரஸ்ஸரும் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்) இதுதானே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி. பிரசுரம் அச்சிட்ட முகவர்களைவிட அவருக்குத்தான் விஷயம் சரியாகப் பிடிபட்டிருந்தது.

தோட்டத்து மருத்துவமனை எப்படி நடந்தது என்று பாருங்கள். டாக்டர் பட்டணத்தில் இருப்பார். பல தோட்டங்களுக்குப் பொதுவான வருகை மருத்துவர் அவர்; குறிப்பிட்ட நாளில் கார் வரும், கடினமான நோயாளிகளைப் பார்ப்பார், பதிவேட்டில் கையெழுத்திடுவார், போய்விடுவார். மற்ற நாள்களில் காய்ச்சல், பேதி, உளி வெட்டு, பாம்புக்கடி, நள்ளிரவுப் பிரசவ வலி எல்லாவற்றுக்கும் டிரஸ்ஸர்தான். எதைத் தாமே பார்ப்பது, எதை லாரியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவரும் அவரே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் "உடம்பு சரியில்லை" என்று வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு உண்மையிலேயே காய்ச்சல், யாருக்கு வேலைக்குப் போக மனமில்லை என்று தீர்ப்புச் சொல்லும் சங்கடமும் அவர் தலையில்தான். துரையின் சம்பளத்தில் இருந்துகொண்டு தொழிலாளிக்கு விடுப்பு எழுதிக் கொடுப்பது எளிதான காரியமல்ல. சிலர் நியாயமாக நடந்தார்கள். சிலர் துரையின் முகத்தைப் பார்த்து நடந்தார்கள். இரண்டு விதமானவர்களையும் நம் பெரியவர்கள் மறக்கவில்லை.

மலாயாவில் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட காலத்தில் மலேரியா கொன்றவர்கள் ஏராளம். கிள்ளானில் 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்துக் கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். பின்னர் அந்த முறை தோட்டங்களுக்கும் பரவியது. வரலாற்றில் வாட்சன் பெயர் இருக்கிறது. லயம் லயமாகப் போய்க் கொயினா மருந்தை விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் கீழ் பார்த்தவர்களின் பெயர் இல்லை.

இந்த ஏற்பாட்டில் டாக்டர் தூரத்திலும் பயிற்சி பெற்ற உதவியாளர் நோயாளியின் அருகிலும் இருந்தார்கள். டியூக்கில் யோசிப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே அது நடைமுறையில் இருந்தது. ஒரு பெரிய வேறுபாடு: அமெரிக்கர்கள் அதைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய்ப் பட்டமாக்கினார்கள், இங்கே அது தோட்ட நிர்வாகத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகவே நெடுநாள் கிடந்தது. 1965இல்தான் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது. ஸ்டெட் வகுப்பைத் தொடங்கிய அதே ஆண்டு. யாரும் திட்டமிட்டது அல்ல, ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது அந்த டிரஸ்ஸர்கள் எங்கே?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம்மவர்கள் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்ட மருத்துவமனைகளும் ஒவ்வொன்றாக மூடின. அந்த வேலையை இன்று செய்பவர் அரசாங்கக் கிளினிக்கிலும் மாவட்ட மருத்துவமனையிலும் இருக்கும் உதவி மருத்துவ அதிகாரி. மலாயில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், சுருக்கமாகப் பி.பி.பி. முன்பு ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் என்றும் பிறகு மருத்துவ உதவியாளர் (மெடிக்கல் அசிஸ்டண்ட், எம்.ஏ.) என்றும் அழைத்தார்கள். ஊரில் இன்னமும் எச்.ஏ.தான்.

மலேசியாவில் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரிலேயே தொழில் செய்யலாமா?

செய்ய முடியாது. அந்தப் பெயருக்கு இங்கே பதிவேடு இல்லை. 1977ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர்கள் பதிவுச் சட்டம் ஒரு வாரியத்தை அமைத்தது: லெம்பாகா பெம்பாந்து பெருபாத்தான். அந்த வாரியத்தில் பெயர் ஏறினால்தான் உதவி மருத்துவ அதிகாரி. 2016இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் உடற்பயிற்சி சிகிச்சையாளர், உணவியல் வல்லுநர் முதலியோருக்கானது. அதன் பட்டியலிலும் பிசிஷியன் அசோசியேட் இல்லை.

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: படிப்பின் பெயரைக் கேட்பதற்கு முன், படித்து முடித்ததும் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று கேளுங்கள். எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வாரியத்தில்? முகவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அதுவரை ஆறாக ஓடிய பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

சரி, இங்கேயே உதவி மருத்துவ அதிகாரியாக என்ன படிக்க வேண்டும்?

மூன்று ஆண்டு டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளிலும் சில தனியார் கல்லூரிகளிலும் நடக்கிறது. நம் பேராக் பிள்ளைகளுக்கு மிக அருகில் இருப்பது உலு கிந்தாவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா பயிற்சிக் கல்லூரி. சிரம்பானில் உள்ளது பழைய பெயர் பெற்ற கல்லூரி. உலு கிந்தா என்றால் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் என்று சொன்னவுடன் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், "பையன் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகிறான்" என்பதற்கு நம் ஊரில் வேறு அர்த்தம். சிரித்துவிட்டு மனுவை அனுப்புங்கள்.

அமைச்சின் கல்லூரிக்குப் பொதுச் சேவை ஆணையம், அதாவது எஸ்.பி.ஏ., வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், ஏதேனும் ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் வாங்கியிருப்பது அடிப்படை. மொத்தம் எத்தனை கிரெடிட், ஆங்கிலத்துக்கு என்ன நிபந்தனை என்பதையெல்லாம் அந்தந்த ஆண்டின் விளம்பரத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். அண்ணன் சேர்ந்த ஆண்டின் விதியை வைத்துக்கொண்டு தம்பிக்கு மனுப் போடாதீர்கள். வரலாற்றுப் பாடத்தில் தவறினால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். அறிவியலில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு வரலாற்றில் கோட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளம்பரம் திறந்திருக்கும் காலம் குறுகியது. நம்மவர்கள் இழப்பது பெரும்பாலும் தகுதியில் அல்ல, இந்தத் தேதியில்தான். எஸ்.பி.எம். முடித்த கையோடு எஸ்.பி.ஏ. இணையத்தளத்தில் கணக்கைத் திறந்து, விவரங்களை நிரப்பி வைத்துவிடுங்கள். நேர்முகத் தேர்வு மலாயில் நடக்கும். "ஏன் இந்த வேலைக்கு வருகிறாய்?" என்று நிச்சயம் கேட்பார்கள். "அரசாங்க வேலை, பென்ஷன்" என்று உண்மையைச் சொல்லி வெளியே வந்தவர்கள் உண்டு.

செலவு?

அமைச்சின் கல்லூரியில் பயிற்சிக் காலத்தில் படி கிடைக்கும். பதிலுக்கு அரசாங்கத்துக்குக் குறிப்பிட்ட காலம் வேலை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆண்டு, மீறினால் எவ்வளவு என்பதை, ஜாமீன் போடும் தாய்மாமனும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் பலருக்குக் கை கொடுக்கிறது, ஆனால் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் அந்தக் கடன். கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கும்போது கட்டடத்தையும் குளிர்சாதன வகுப்பறையையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இந்தப் படிப்பு இருக்கிறதா, வாரியம் இதை ஏற்கிறதா, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், போன தொகுதியில் எத்தனை பேர் வாரியத்தில் பதிவு பெற்றார்கள். கடைசிக் கேள்விக்கு "எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று பதில் வந்தால் கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். தனியார் டிப்ளோமாவை முடித்தாலே அரசாங்க வேலை காத்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அது தனி விண்ணப்பம், தனி நேர்முகம்.

மூன்று வருடத்தில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்?

உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், நுண்ணுயிரியல் முதலில். பிறகு பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, எலும்பு முறிவு, அவசரச் சிகிச்சை, பொதுச் சுகாதாரம். வகுப்பில் படித்ததை வார்டில் பார்க்க வேண்டும், இரவு முறையும் உண்டு. தையல் போடுவது, மாவுக்கட்டுப் போடுவது, ஊசி வழி மருந்து ஏற்றுவது, இதயத்துடிப்பு வரைபடம் எடுத்து வாசிப்பது, ஆம்புலன்சில் போய் விபத்தில் சிக்கியவரைக் கழுத்து அசையாமல் வெளியே எடுப்பது ஆகியவற்றைக் கையால் செய்து பழக வேண்டும்.

எங்கள் காலத்தில் மூத்தவர்கள் கற்றுக் கொடுத்ததிலேயே உருப்படியானது நோயாளியைப் பேச விடுவதுதான். நெஞ்சு வலி என்று தோட்டத்துக் கங்காணி, அதாவது மண்டோர், ஒருவர் வருகிறார். "வாயு" என்று அவரே மருந்தும் சொல்லிவிடுவார். எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, வியர்த்ததா, சர்க்கரை இருக்கிறதா, அப்பா எப்படி இறந்தார் என்று வரிசையாகக் கேட்டால்தான் அது வாயு இல்லை என்று தெரியும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் "நெஞ்சைக் கரிக்கிறது", "நெஞ்சை அடைக்கிறது", "நெஞ்சு படபடக்கிறது" என்று சொல்வது மூன்றும் மூன்று வேறு பரிசோதனைக்கு வழி காட்டும்.

ரத்தத்தைப் பார்த்தால் மகனுக்குத் தலை சுற்றுகிறது. படிக்கலாமா?

படிக்கலாம். பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களில் சரியாகிவிடும். வாந்தியும் சீழும்தான் நீண்ட காலப் பிரச்சினை.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. மலாய் சமாளிக்குமா?

மகாத்மா காந்தி கலாசாலையில் படித்துவிட்டு மருத்துவத் துறையில் பல நிலைகளில் இருப்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு. தமிழ்ப்பள்ளி தடையல்ல, இடைநிலைப் பள்ளியில் ஐந்து வருடம் மலாயில் வாய் திறக்காமல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அதுதான் தடை. பாடப் புத்தகங்களும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலம், அறிக்கையும் அலுவலும் மலாய், நோயாளி பேசுவது எந்த மொழியாகவும் இருக்கலாம். செம்பனைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா?

மலேசியாவில் இது நெடுங்காலம் ஆண்களின் வேலையாகவே இருந்தது. தாதிமை பெண்களுக்கு, எச்.ஏ. ஆண்களுக்கு என்று யாரோ கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். இப்போது பெண்களும் இருக்கிறார்கள், இருந்தாலும் ஆண்களே மிகுதி. விளம்பரத்தில் இதுபற்றி என்ன நிபந்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதே தொழிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். ஆகவே "இது பெண்களுக்கு ஒத்து வராது" என்று மாமா சொன்னால், அது மாமாவின் கருத்து மட்டுமே.

பி.பி.பி., பி.பி.கே.பி., பாராமெடிக், மருந்தக உதவியாளர். எல்லாம் ஒன்றா?

இல்லை. கொசுப் புகை அடிப்பது, உணவுக் கடையைச் சோதிப்பது பி.பி.கே.பி. எனப்படும் உதவிச் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியின் வேலை. மருந்து எடுத்துக் கொடுப்பவர் மருந்தக உதவியாளர். பாராமெடிக் என்று ஊரில் எல்லாரையும் அழைக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

சென்னையில் நான்கு வருட பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டண்ட் பட்டத்துக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

படிப்பு உண்மையானது. ஆளைப் பற்றி எனக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்தப் படிப்பைத் தொடங்கியவர் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன், 1992இல், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில். இதய அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ளத் தேர்ந்த கைகள் தேவைப்பட்டன. அங்கிருந்து பரவி, இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் நடக்கிறது. 2021இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆக, அங்கே அதற்கு இடம் இருக்கிறது.

உங்கள் பிள்ளை திரும்பி வந்து பினாங்கிலோ ஈப்போவிலோ வேலை செய்ய வேண்டும் என்பதுதானே உங்கள் எண்ணம்? அப்படியானால் கேள்வி சென்னையைப் பற்றியது அல்ல, நம் அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவைப் பற்றியது. இந்தப் பட்டத்தை வைத்து மலேசிய வாரியத்தில் பதிவு பெற முடியுமா என்று வாரியத்துக்கே எழுதுங்கள். கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், கால அளவு, பாடத்திட்டம் எல்லாம் இணைத்து அனுப்புங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் யாரோ "போலே" (முடியும்) என்று சொன்னது பதில் ஆகாது. அந்தக் கடிதம் கைக்கு வரும் வரை ஒரு வெள்ளிகூட முன்பணம் கட்டாதீர்கள். "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்றால் போகட்டும்.

நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. பிள்ளை நன்றாகப் படித்துத் தேறி, பட்டத்தோடு விமானத்தில் இருந்து இறங்கியும், அந்தப் பட்டத்துக்கு இங்கே ஒரு நாற்காலி இல்லாமல் தனியார் கிளினிக் முகப்பில் பெயர் பதியும் வேலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. பிள்ளைமேல் குற்றமே இல்லை.

பிரிட்டனில் இரண்டு வருடத்தில் முடிக்கலாமாமே?

இரண்டு வருடம் என்பது ஏற்கெனவே ஒரு பட்டம், பெரும்பாலும் உயிர் அறிவியல் பட்டம், வாங்கியவர்களுக்கு. பிரசுரத்தில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். அது முதுநிலைப் படிப்பு, எஸ்.பி.எம்.மை வைத்துக்கொண்டு போக முடியாது.

அங்கே இப்போது காற்று எதிராக அடிக்கிறது. 2024 டிசம்பர் 13 முதல் டாக்டர்களைப் பதிவு செய்யும் அதே ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பிசிஷியன் அசோசியேட்களையும் பதிவு செய்யத் தொடங்கியது. நல்ல செய்திதான். ஆனால் டாக்டர் சங்கங்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது: தம்மைப் பார்த்தவர் டாக்டர் இல்லை என்று நோயாளிக்கே தெரியாமல் போகிறது, இன்னும் நோய் கண்டறியப்படாதவர்களை இவர்கள் பார்ப்பது ஆபத்து என்றெல்லாம். அரசாங்கம் பேராசிரியர் ஜிலியன் லெங்கை ஆய்வு செய்யச் சொன்னது. 2025 ஜூலையில் வந்த அவருடைய அறிக்கை, பெயரைப் பிசிஷியன் அசிஸ்டண்ட் என்று மாற்றச் சொன்னது. தரம் பிரித்துப் பார்க்கப்படாத நோயாளிகளை இவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்றது. அங்கே இவர்கள் மருந்துச் சீட்டு எழுதவும் எக்ஸ்ரேக்கு உத்தரவிடவும் முடியாது என்பது முன்பே உள்ள நிலை. புதிதாகத் தேறியவர்களுக்கு வேலை கிடைப்பதும் கடினமாகியிருக்கிறது. இந்தச் சூழ்நிலையில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டி அங்கே போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அயர்லாந்தில் ஆர்.சி.எஸ்.ஐ. என்ற மருத்துவப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை 2016இல் டப்ளினில் தொடங்கியது. பினாங்கில் அவர்களுக்கு வளாகம் இருப்பதால் "இங்கேயே படிக்கலாமா?" என்கிறார்கள். பினாங்கு வளாகம் டாக்டர் படிப்புக்கானது.

அமெரிக்கா?

தொழிலுக்கு மிகவும் மதிப்புள்ள இடம் அதுதான். அங்கே அவர்கள் மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள், அறுவைக் கூடத்தில் உதவுகிறார்கள், சம்பளமும் நல்லது. சுமார் 27 மாத முதுநிலைப் படிப்பு, பிறகு பான்ஸ் எனப்படும் தேசியத் தேர்வு, அதன் பின் மாநில உரிமம். அவர்களுடைய சங்கம் 2021இல் அசோசியேட் என்ற பெயரை ஏற்றது. சட்டத்தில் அதை முதலில் மாற்றிய மாநிலம் ஒரேகான், 2024இல். பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் அசிஸ்டண்ட்தான்.

ஆனால் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பிசிஷியன் அசோசியேட் படிப்பை முடித்தவர்கள் மட்டுமே அந்தத் தேர்வை எழுத முடியும். மலேசிய டிப்ளோமாவும் அனுபவமும் எவ்வளவு இருந்தாலும் குறுக்கு வழி கிடையாது. முதலில் பட்டம், அதில் உயிரியல், வேதியியல் பாடங்கள், நோயாளிகளோடு இத்தனை மணி நேரம் வேலை செய்த அனுபவம், பிறகு போட்டி. கட்டணம் மட்டுமே 1 லட்சம் டாலரைத் தாண்டும் இடங்கள் பல. உதவி மருத்துவ அதிகாரியாக இங்கே செய்த வேலை அந்த அனுபவக் கணக்கில் உதவலாம். கிரீன் கார்டு உள்ள சித்தப்பா இருக்கிறார் என்றால் பேசலாம்.

பி.பி.பி. ஆனபின் சொந்தக் கிளினிக் திறக்கலாமா?

கூடாது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி தனியார் மருத்துவக் கிளினிக் நடத்துவது பதிவு பெற்ற டாக்டரின் உரிமை. ஓய்வு பெற்றபின் வீட்டுத் திண்ணையில் ஊசி போடுவதும் கூடாது. என்னிடமும் கேட்டுப் பார்த்தார்கள்.

பிறகு டாக்டராகப் படிக்க முடியுமா?

தானாக ஏறிப் போகும் படிக்கட்டு இல்லை. மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தகுதியைத் தனியாக நிறைவு செய்ய வேண்டும். டிப்ளோமாவில் மிக உயர்ந்த புள்ளிகளோடு எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களும் பலமாக இருந்தால் வாய்ப்பு உண்டு. டாக்டராவதுதான் பிள்ளையின் உண்மையான ஆசை என்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் வழியில் முதலில் முயலட்டும். அது கிடைக்காததால் அரை மனதோடு இந்த வேலைக்கு வந்தவர்கள் நோயாளிகளிடம் எரிந்து விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

துறைக்குள்ளேயே மேலே போகலாம். அவசரச் சிகிச்சை, ரத்தச் சுத்திகரிப்பு, எலும்பியல், மயக்க மருந்துத் துறை, மனநலம் போன்றவற்றில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மேற்பயிற்சிகள் உண்டு. பலர் பட்டமும் முடித்துப் பயிற்றுநர்களாகவும் நிர்வாகிகளாகவும் ஆகியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ரத்தச் சுத்திகரிப்புப் பயிற்சி பெற்றவருக்கு அரசாங்கத்திலும் வெளியிலும் வேலைக்குக் குறைவில்லை.

சம்பளம் எவ்வளவு?

யூ29 என்று பல ஆண்டுகள் பழகிய தரம் அது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பொதுச் சேவை ஊதிய முறையில் தர எண்கள் மாறிவிட்டன, எஸ்.பி.ஏ. விளம்பரத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். டாக்டர் சம்பளம் அல்ல. மாதம் பிறந்தால் வந்துவிடும், படிகள் உண்டு, சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றல் ஆகும் சாத்தியமும் உண்டு. திருமணப் பேச்சில் அந்தக் கடைசி விஷயத்தை மறைக்காதீர்கள்.

டாக்டர் இல்லாதவர் பார்ப்பது நோயாளிக்குப் பாதுகாப்பா? மனம் ஒப்பவில்லை.

நியாயமான கேள்வி, மாணவர்கள் கேட்காமல், கிளினிக்கில் காத்திருப்பவர்கள் கேட்பது. 2010இல் பட்டணங்களில் ஒரே மலேசியா கிளினிக்குகள் திறக்கப்பட்டு உதவி மருத்துவ அதிகாரிகளின் பொறுப்பில் விடப்பட்டபோது டாக்டர் சங்கத்தினர் எதிர்த்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. சளி, இருமல், சிறு காயம், தொடர் மருந்து ஆகியவற்றுக்கு டாக்டருக்காக அரை நாள் கூலியை இழப்பது வீண். அதே வரிசையில் ஒரு குழந்தை மூளைக்காய்ச்சலோடு நிற்கும். அதைச் சளி என்று அனுப்பிவிட்டால் உயிர் போகும்.

ஆகவே பாதுகாப்பு, பார்ப்பவரின் பட்டத்தில் பாதி, அவர் தொலைபேசியை எடுக்கத் தயங்காததில் பாதி. மேலே இருக்கும் டாக்டர் அந்த அழைப்புக்கு எரிச்சல் படாதவராக இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு "இதற்கெல்லாமா கூப்பிடுவது?" என்று ஒருமுறை திட்டு வாங்கிய இளைஞன் அடுத்த முறை கூப்பிட மாட்டான். பிரிட்டனில் நடக்கும் சண்டையின் வேரும் ஏறக்குறைய இதுதான்: மேற்பார்வை காகிதத்தில் இருந்தது, வார்டில் எல்லா இடத்திலும் இல்லை.

நோயாளியாகப் போகும்போது நீங்களும் கேட்கலாம். "ஐயா, நீங்கள் டாக்டரா, எம்.ஏ.வா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல எம்.ஏ. தாமே சொல்வார்.

விண்ணப்பப் படிவம் நிரப்ப யாரிடம் உதவி கேட்பது?

இடைநிலைப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் முதலில் போங்கள். அவருடைய வேலையே அது. பிறகு மாவட்ட மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை செய்யும் இளம் உதவி மருத்துவ அதிகாரி யாரேனும் தெரிந்தவராக இருந்தால், அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். அண்மையில் நேர்முகத் தேர்வுக்குப் போனவருக்குத் தெரிவது ஓய்வு பெற்ற எனக்குத் தெரியாது. எஸ்.பி.எம். சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றில் ஏ/எல் (இன்னாரின் மகன் என்பதன் மலாய்ச் சுருக்கம்) இருந்து இன்னொன்றில் விட்டுப் போயிருந்தால், பதிவிலாகாவுக்குப் போய்ச் சரி செய்ய நாள் பிடிக்கும்.